ஹைபிரிட் கார் வாங்கியும் மைலேஜ் 16 தானா? சென்னை டிராஃபிக்கில் பெட்ரோலைக் குடிப்பது எது?

கோட்டூர்புரத்தில் வீடு, தரமணி டைடல் பார்க்கில் வேலை. காந்தி மண்டபம் சாலை, சர்தார் படேல் சாலை, மத்திய கைலாஷ் என்று போனால் நாலரை கிலோமீட்டர் சுமாருக்குத்தான் தூரம். ஆனால் காலை 9 மணிக்குக் கிளம்பினால் 20 நிமிடம் சாதாரணமாக ஆகிவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த ரூட்டில் தினமும் போய்வரும் ஒருவர், "சிட்டிக்கு ஹைபிரிட்தான் பெஸ்ட்" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு, சாதாரண பெட்ரோல் மாடலைவிட லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து ஒரு ஹைபிரிட் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் பார்த்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ஒரு மாதம் ஓட்டிவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தால் 16, 17 என்று காட்டுகிறது.

ஏமாத்திட்டாங்களா? கார் ரிப்பேரா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஹைபிரிட் கார் பெட்ரோலை எங்கே மிச்சம் பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்பது புரிந்துவிட்டால், அதே ரூட்டில் அதே காரில் லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் கூடுதலாக எடுக்க முடியும். ஆனால் 27.97 வருமா என்றால், அது வேறு கதை.

முதலில், உங்கள் கார் எந்த ஹைபிரிட்?

இந்தியாவில் 'ஹைபிரிட்' என்ற பெயரில் இரண்டு வகை கார்கள் ஓடுகின்றன. ஒன்று மைல்டு ஹைபிரிட். இதில் பெல்ட்டோடு இணைந்த ஒரு சின்ன மோட்டார் இருக்கும். சிக்னலில் இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யும், கிளம்பும்போது லேசாக ஒரு கை கொடுக்கும். வெறும் கரண்டில் சக்கரத்தைச் சுற்ற இதனால் முடியாது. மாருதி 2015-லிருந்து 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று விற்றது இந்த வகையைத்தான்.

இன்னொன்று ஸ்ட்ராங் ஹைபிரிட். 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி இ:எச்இவி, மாருதி கிராண்ட் விட்டாராவின் உயர்ரக மாடல்கள், டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் எல்லாம் இதில் சேரும். இவற்றில் இருக்கும் மோட்டார், இன்ஜினை முழுசாக அணைத்துவிட்டு காரைத் தனியாக ஓட்டும் அளவுக்குப் பெரியது. கிராண்ட் விட்டாராவில் இரண்டு வகையும் விற்கிறார்கள் என்பதால் இங்கேதான் குழப்பம் அதிகம். பின்னால் ஹைபிரிட் என்று எழுதியிருக்கிறதே என்று மைல்டு ஹைபிரிட் வைத்திருப்பவர் 28 எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தக் கட்டுரை ஸ்ட்ராங் ஹைபிரிட் பற்றியது.

27.97 எங்கிருந்து வந்தது?

நிறுவனங்கள் சொல்லும் மைலேஜ் ரோட்டில் ஓட்டிப் பார்த்து எடுத்தது இல்லை. சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, எந்த நொடியில் எவ்வளவு வேகம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டுவார்கள். 'இந்திய ஓட்டுநர் சுழற்சி' என்று அதற்குப் பெயர். மொத்தமே 1,180 நொடிகள், அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏசி ஓடாது. குறுக்கே ஆட்டோ வராது. நந்தனம் சிக்னலும் கிடையாது.

அந்த எண் பொய் இல்லை. எல்லா கார்களுக்கும் ஒரே தேர்வு வைப்பதால், இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். உங்கள் ரூட்டில் எவ்வளவு வரும் என்று சொல்வது அதன் வேலையே இல்லை.

கரண்ட் எங்கிருந்து வருது?

ஹைபிரிட் காரைப் பற்றிய பெரிய தவறான நம்பிக்கை, "பாதி நேரம் கரண்ட்லதான் ஓடுது, அது ஃப்ரீ" என்பது. இந்தியாவில் பரவலாக ஓடும் இந்த ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்குச் சார்ஜர் கிடையாது. வீட்டு பிளக்கில் செருக முடியாது. அப்படியென்றால் பேட்டரியில் இருக்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஒன்று இன்ஜின் பெட்ரோலை எரித்து உண்டாக்கியது, அல்லது பிரேக் போடும்போது காரின் ஓட்டத்திலிருந்து திரும்பி எடுத்தது. அந்த ஓட்டமும் முதலில் பெட்ரோலில் வந்ததுதான்.

பேட்டரியும் ரொம்பச் சின்னது. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிடில் இருப்பது 0.76 கிலோவாட் அவர். முக்கால் யூனிட் என்று புரிந்துகொள்ளலாம். முழு எலெக்ட்ரிக் காரான டியாகோ இவி-யின் சின்ன பேட்டரியே 19.2 கிலோவாட் அவர். அதோடு ஒப்பிட்டால் ஹைபிரிட் பேட்டரி 25-ல் ஒரு பங்கு. அதையும் கார் முழுசாகக் காலியாக விடாது, முழுசாக நிரப்பவும் செய்யாது. நடுவில் இருக்கும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்தும்.

அதனால் இதைத் தண்ணீர் டேங்க் என்று நினைக்கக் கூடாது. கையில் இருக்கும் சொம்பு என்று நினைத்தால் சரி. நிரம்பும், காலியாகும், மறுபடி நிரம்பும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆவதைப் பார்த்து பலர் பயந்துவிடுகிறார்கள். சொம்பு காலியாகிவிட்டது, கார் நிரப்புகிறது. ரிப்பேர் இல்லை.

பிரேக்கில் எவ்வளவு திரும்பி வரும்?

ஹைபிரிட் சிட்டியில் மிச்சம் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்'. சாதாரண காரில் பிரேக் போட்டால் காரின் ஓட்டம் முழுக்க சூடாக மாறி வீணாகும். ஹைபிரிடில் பிரேக்கை லேசாக மிதித்தால் முதலில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி கரண்ட் எடுக்கும். அழுத்தி மிதித்தால்தான் வழக்கமான பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.04 யூனிட். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இன்ஜின் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஓட்டமாக மாற்றும் என்பதால், காரை அந்த வேகத்துக்குக் கொண்டுவரவே 14 மில்லி பெட்ரோல் ஆகிறது. ஒவ்வொரு முறை 50-ல் போய் நிற்கும்போதும் ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

அதை அந்தச் சிக்னலில் எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதுதான் விஷயம். கடைசி நேரத்தில் 3 நொடியில் நிறுத்தினால், சராசரியாக 45 கிலோவாட் வேகத்தில் ஆற்றல் பாய வேண்டும். இந்தச் சின்ன பேட்டரி அதை அப்படியே விழுங்காது. மிச்சம் பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். அதே காரை 8 நொடியில், தூரத்திலிருந்தே மெதுவாக நிறுத்தினால் 17 கிலோவாட்தான். பேட்டரி நிதானமாக வாங்கிக்கொள்ளும்.

நன்றாக நிறுத்தினாலும் முழுசாகத் திரும்பி வராது. சக்கரத்திலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து பேட்டரி, மறுபடி பேட்டரியிலிருந்து சக்கரம் என்று ஒவ்வொரு கை மாறும்போதும் கமிஷன் போகும். நூறு ரூபாய் போட்டால் 50, 60 ரூபாய் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, பிரேக்கே போடாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விட லாபம்.

காந்தி மண்டபம் சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தாண்டி வருகிறீர்கள். முன்னால் சிக்னல் சிவப்பு. நொடிக் கணக்கு ஓடும் போர்டு இருந்தால் 30, 29 என்று தெரியும். வழக்கமாக என்ன செய்கிறோம்? சிவப்பு வரைக்கும் வேகமாகப் போய் நின்றுவிட்டு, போர்டை முறைத்துப் பார்க்கிறோம். அதற்குப் பதிலாக 150, 200 மீட்டர் முன்னாடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் கார் தானாக உருண்டு போகும், லேசாகச் சார்ஜும் ஆகும். சிக்னலை நெருங்கும்போது பச்சை விழுந்தால் 20 கி.மீ. வேகத்திலேயே கடந்துவிடலாம். முழுசாக நின்று கிளம்பும் செலவு மிச்சம்.

இன்னொன்று. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு ஆகும். அடுத்த சிக்னல் 400 மீட்டரில் இருக்கும்போது 40-ல் போவதற்கும் 60-க்கு ஏற்றி நிறுத்துவதற்கும் நேரத்தில் சில நொடிதான் வித்தியாசம். பெட்ரோலில் இரண்டு மடங்குக்கு மேல்.

"இடைவெளி விட்டா ஆட்டோ நுழையுமே?"

சென்னையில் யாரிடம் இதைச் சொன்னாலும் வரும் முதல் பதில் இதுதான். நியாயமான பதிலும்கூட. நுழையும். ஒரு ஆட்டோ, இரண்டு பைக், சமயத்தில் ஒரு ஷேர் ஆட்டோவும் நுழையும். அவர்கள் நுழைந்ததால் நீங்கள் இழப்பது ஐந்தாறு நொடி. முன்னால் இருக்கும் காரின் பம்பரை ஒட்டிக்கொண்டு, அவர் பிரேக் போடும்போதெல்லாம் நீங்களும் அழுத்திப் போட்டு, அவர் கிளம்பும்போதெல்லாம் சீறிக் கிளம்பினால், ஹைபிரிட் வாங்கியதன் லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

அதற்காக வலது ஓர லேனில் 20-ல் உருட்டிக்கொண்டு போகக் கூடாது. சர்தார் படேல் சாலையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்துகொண்டேதான் இருக்கும். பின்னால் வண்டிகள் நெருக்கும் இடத்தில் மைலேஜை மறந்துவிட்டு டிராஃபிக்கோடு போவதுதான் சரி.

நியூட்ரல் போட்டால் மிச்சமா?

மேனுவல் கார் ஓட்டிப் பழகிய பலருக்கு இது ஊறிப்போன பழக்கம். கோட்டூர்புரம் பாலத்தில் அடையாறு ஆற்றைத் தாண்டி டர்ன்புல்ஸ் சாலை பக்கம் இறங்கும்போது நியூட்ரல், சிக்னலில் நின்றால் நியூட்ரல். ஆக்டிங் டிரைவர் ஓட்டினால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஹைபிரிடில் இது நேர் எதிராக வேலை செய்யும்.

ஓடும்போது நியூட்ரலில் போட்டால் மோட்டார் சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்காது. இறக்கத்தில் சும்மா கிடைக்க வேண்டிய சார்ஜ் போச்சு. கார் முழுக் கட்டுப்பாட்டில் இருக்காது என்பதால் ஆபத்தும்கூட. நின்றபடி நியூட்ரலில் வைத்தால் இன்னொரு சிக்கல். டொயோட்டா வகை ஹைபிரிடில் நியூட்ரலில் இருக்கும்போது இன்ஜினால் பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடியாது. ஏசி மட்டும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். சிக்னலில் 'டி'-யில் வைத்து பிரேக்கைப் பிடித்தாலே போதும். நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் 'பி'.

கியர் லிவரில் இருக்கும் 'பி' என்ற இன்னொரு எழுத்தும் குழப்பும். பார்க்கிங்குக்கு அடுத்து, 'டி'-க்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் மோடு அது. டொயோட்டா வகையில் அது ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி மலை இறக்கத்துக்கானது. இன்ஜினைச் சுற்றவைத்து வேகத்தைக் குறைக்கும் என்பதால் சிட்டியில் போட்டால் திரும்பி வரவேண்டிய ஆற்றல் கொஞ்சம் வீணாகும். ஹோண்டா சிட்டியில் அதே எழுத்து கரண்ட் எடுக்கும் அளவைக் கூட்டும், அங்கே சிட்டியிலும் பயன்படும். ஒரே எழுத்து, வேறு வேறு வேலை. நண்பர் சொன்னார் என்று போடாமல், உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பூப்போல மிதிக்கணுமா?

"ஆக்சிலரேட்டரில் முட்டை இருக்கிற மாதிரி மிதி" என்பது பழைய கார்களுக்கான அறிவுரை. ஹைபிரிடுக்குப் பாதிதான் பொருந்தும்.

ரொம்ப மெதுவாகக் கிளம்பினால் இன்ஜின் ஆன் ஆகாமல் பேட்டரியிலேயே நகரும். டேஷ்போர்டில் 'இவி' என்று பச்சை விளக்கு எரியும், பார்க்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் சொம்பு சீக்கிரம் காலியாகும். அதன்பிறகு இன்ஜின் ஓடி, பெட்ரோலைக் கரண்டாக்கி, கரண்டைப் பேட்டரியில் போட்டு, அதை மறுபடி ஓட்டமாக்க வேண்டும். நேராக இன்ஜினே காரை இழுத்திருந்தால் இந்த இரண்டு கமிஷனும் இல்லை.

அதனால் ரோடு காலியாக இருக்கும்போது, மிதமாக அழுத்தி, இன்ஜின் வேலை செய்யட்டும் என்று விட்டு 40 வரைக்கும் ஏற்றிவிடுங்கள். ஏறியதும் காலை ஒரு நொடி லேசாகத் தூக்கினால் இன்ஜின் அணைந்துவிடும். பிறகு வேகம் குறையாத அளவுக்கு மட்டும் மெல்ல மிதித்தால் மோட்டாரில் ஓடும். டேஷ்போர்டில் சார்ஜ், ஈகோ, பவர் என்று மூன்று பகுதி இருக்கும் கார்களில், ஏற்றும்போது முள் ஈகோ பகுதிக்குள் இருந்தால் போதும். பவர் பகுதிக்குத் தாண்ட வேண்டாம். நிற்கும் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது மட்டும் பேட்டரியில் நகர்வது நல்லது, அதற்குத்தான் அது இருக்கிறது.

'இவி மோடு' பட்டன் இருந்தால் அதை மைலேஜுக்கான பட்டன் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி 11 மணிக்கு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சத்தமில்லாமல் நிறுத்த அது அருமையான வசதி. அவ்வளவுதான்.

உண்மையில் குடிப்பது ஏசி

சென்னைக்காரர்கள் ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம் இது. சாதாரண காரில் ஏசி இன்ஜினோடு பெல்ட்டில் ஓடும். ஸ்ட்ராங் ஹைபிரிடில் அது பேட்டரி கரண்டில் ஓடும். அதனால்தான் சிக்னலில் இன்ஜின் அணைந்த பிறகும் குளிர்ச்சி வருகிறது. வசதிதான். ஆனால் அதற்கும் பில் உண்டு.

நன்றாகக் குளிர்ந்த பிறகு ஏசி சுமாராக ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வைப்போம். மே மாத வெயிலில் நின்ற காரைக் குளிரவைக்கும் முதல் சில நிமிடங்களில் இரண்டு கிலோவாட்டையும் தாண்டலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இன்ஜின், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் தாண்டி கரண்டாகக் கைக்கு வருவது இரண்டரை, மூன்று யூனிட்தான். அதாவது ஏசி ஒரு மணி நேரம் ஓட 350-லிருந்து 400 மில்லி பெட்ரோல்.

முதலில் பார்த்த அந்தக் கோட்டூர்புரம் - டைடல் பார்க் ரூட்டுக்கு வருவோம். நாலரை கிலோமீட்டர் ஓட்ட, லிட்டருக்கு 25 என்று நல்ல மைலேஜாகவே வைத்தாலும், 180 மில்லி. 20 நிமிட ஏசிக்கு 120 மில்லி. மொத்தம் 300 மில்லி. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 15 கி.மீ. காணாமல் போன மைலேஜ் எங்கே என்று தெரிகிறதா? கார் மோசமாக ஓடவில்லை. ஐந்தில் இரண்டு பங்கு பெட்ரோல் காரை நகர்த்தவே இல்லை, உங்களைக் குளிரவைத்தது.

ஒரு முறை பிரேக் போட்டால் நல்லபடியாகத் திரும்பி வருவது 0.02 யூனிட் சுமார். சிக்னலில் ஏசி அதை ஒரு நிமிடம் சொச்சத்தில் தீர்த்துவிடும். இரண்டு நிமிட சிக்னல் என்றால் கடன்தான். அதே ரூட்டில் அதே நேரத்தில் இன்ஜினை ஆனிலேயே வைத்து நிற்கும் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு ஒற்றை இலக்க மைலேஜ் வந்தாலும் ஆச்சரியமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்போ ஏசியை அணைச்சுடலாமா? சென்னை வெயிலில் அது நடக்கிற காரியம் இல்லை. வயதானவர்களும் குழந்தைகளும் காரில் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. பல ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதே காருக்குள் இருக்கும் காற்றுதான். உள்ளே வெந்துகொண்டிருந்தால் பேட்டரியும் சூடாகி, பிரேக்கில் வரும் சார்ஜை வாங்க மறுக்கும்.

குறைக்க வேண்டியது ஏசியின் வேலைப்பளுவை. கோட்டூர்புரம் உள்தெருக்களில் இன்னும் மரங்கள் மிச்சம் இருக்கின்றன, நிழல் பார்த்து நிறுத்துங்கள். வெயிலில் நின்ற கார் என்றால் ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி, ஒரு நிமிடம் ஓட்டி, அனல் வெளியே போனபிறகு ஏசி போடுங்கள். வெளிக்காற்று வராத ரீசர்குலேஷன் மோடில் வையுங்கள். 18 டிகிரிக்குத் தட்டிவிட்டு ஸ்வெட்டர் தேடாமல், ஆட்டோ மோடில் 25, 26-ல் விடுங்கள். ஈகோ மோடு போட்டால் சில கார்களில் ஏசியையும் அதுவே அடக்கி ஓட்டும். மார்கழிக் காலையில் ஏசியே தேவைப்படாது. அந்த மாதத்து மைலேஜைக் குறித்துவைத்து மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏசியின் பசி தெரியும்.

பின் சீட்டில் துணி மூட்டை வைக்கிறீர்களா?

பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் பல மாடல்களில் பின் சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும். அதன்மேல் ஸ்கூல் பேக், துணிப்பை, நாய்க்குப் போட்ட போர்வை ஏதாவது அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகும். சூடானால் மோட்டாரின் உதவி குறைந்து இன்ஜின் அதிகம் ஓடும். துவாரத்தில் ஃபில்டர் இருந்தால் சர்வீஸின்போது சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் செய்வார்கள் என்று நம்ப வேண்டாம்.

டயரில் காற்று, மற்ற கார்களுக்குச் சொல்வதுதான். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, காலையில் டயர் சூடாவதற்கு முன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இன்ஜின் ஆயிலில் மட்டும் கவனம் தேவை. ஹைபிரிட் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்தான் சொல்லப்பட்டிருக்கும். வெளியில் ஆயில் மாற்றும்போது "இது நல்லா கெட்டியா இருக்கும் சார்" என்று வேறு ஒன்றை ஊற்றினால் மைலேஜ் குறையும்.

பெட்ரோலே மாறிவிட்டதே என்ற கேள்வியும் வரும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் ஆற்றல் குறைவு என்பது உண்மை. எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீத எத்தனாலுக்கு வடிவமைத்து 20-க்கு டியூன் செய்த கார்களில் 1-2 சதவீதமும், கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10-க்கு டியூன் செய்த பழைய கார்களில் 6-7 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது. இதில் ஓட்டுநர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் 27 எதிர்பார்த்து 16 வருவதற்கு இ20 மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பால் வாங்கப் போனால் மைலேஜ் ஏன் 9 காட்டுது?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரைச் சூடாக்க, கார் முதல் ஒன்றிரண்டு நிமிடம் இன்ஜினை அணைக்காது. நீங்கள் போவதே ஒரு கிலோமீட்டர் என்றால் அந்தப் பயணம் முழுக்க ஹைபிரிட் கார் சாதாரண கார்தான். காலையில் பால், 11 மணிக்கு பேங்க், சாயங்காலம் அடையாறில் காய்கறி என்று மூன்று முறை தனித்தனியாக எடுப்பதைவிட, ஒரே சுற்றில் முடித்தால் இன்ஜின் ஒருமுறை சூடானாலே போதும். பால் வாங்க நடந்தே போகலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எவ்வளவு பணம் மிச்சம்?

இங்கே கொஞ்சம் கசப்பான கணக்கு இருக்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஹைபிரிடுக்காகக் கூடுதலாகக் கொடுத்தது 2 லட்சம் ரூபாய் என்று வைப்போம்.

மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு ஹைபிரிடில் 15 மைலேஜ் வந்தால் 20 லிட்டர். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் 9 வந்தால் 33 லிட்டர். மிச்சம் மாதம் 1,300 ரூபாய். 2 லட்சம் திரும்பி வர ஏறக்குறைய 13 வருஷம். அவர் மேலே சொன்னபடியெல்லாம் ஓட்டி 15-ஐ 18 ஆக்கினால் மாதம் இன்னும் 330 ரூபாய் சேரும். அவ்வளவுதான்.

மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவர் கதை வேறு. ஹைபிரிடில் 20, மற்றதில் 12 என்றால் 75 லிட்டருக்கும் 125 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம், மாதம் 5,000 ரூபாய். 40 மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அவர் மைலேஜை 20-லிருந்து 23 ஆக்கினால் மாதம் இன்னும் ஒரு 980 ரூபாய்.

ஆக, நெரிசலில் நாலரை கிலோமீட்டர் மட்டும் போய்வருபவருக்கு ஹைபிரிட் அதிக மைலேஜ் கொடுத்தாலும், காசுக் கணக்கில் கைகொடுப்பது கஷ்டம். சத்தமில்லாத ஓட்டம், கிளட்ச் இல்லாத நிம்மதி இதற்காக வாங்கியிருந்தால் அது தனி விஷயம். கால் டாக்ஸி ஓட்டுபவர், தினமும் மயிலாப்பூரிலிருந்து சிறுசேரி வரை போய்வருபவர், இவர்களுக்குத்தான் இது சரியான வண்டி.

மைலேஜை எப்படிச் சரியாகப் பார்ப்பது?

டேஷ்போர்டு எண்ணை வைத்து ஒரு நாள் சந்தோஷப்படுவதும் மறுநாள் வருத்தப்படுவதும் வீண். பேட்டரி நிறைந்த நிலையில் கிளம்பி, காலியான நிலையில் வந்து சேர்ந்தால் 30 காட்டும். மறுநாள் அந்தக் கடனை இன்ஜின் அடைக்கும்போது 12 காட்டும். பேட்டரியில் பாதி வித்தியாசம் என்பது 130 மில்லி பெட்ரோலுக்குச் சமம். நாலரை கிலோமீட்டர் பயணத்தில் அது பாதிக்குப் பாதி.

டேங்க் டு டேங்க் கணக்குதான் நம்பகமானது. ஒரே பங்க்கில், ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்ஜியமாக்குங்கள். 400 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். ஆட்டோ கட் ஆனபிறகு "ரவுண்டா போடுங்க" என்று சொன்னால் கணக்கு கெட்டுவிடும். இப்படி மூன்று டேங்க் பார்த்தபிறகு, ஏசி, பிரேக் பழக்கங்களை மாற்றி இன்னொரு மூன்று டேங்க் பார்த்தால் உங்கள் கால் எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று தெரியும்.

ரூட்டும் பருவமும் மாறாமல் இருக்கும்போதே மைலேஜ் திடீரென்று ஐந்தாறு கிலோமீட்டர் சரிந்தால், அல்லது பேட்டரி அளவு மிக வேகமாக ஏறி இறங்கினால், அல்லது டேஷ்போர்டில் ஹைபிரிட் சிஸ்டம் எச்சரிக்கை வந்தால், அது ஓட்டும் முறையால் வந்தது இல்லை. சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்கு இந்தியாவில் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. மற்ற கார் வைத்திருப்பவர்களும் வாரண்டி அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். கிளெய்ம் செய்யும்போது முதலில் கேட்பது அதைத்தான்.